சவுத் டவுன்ஸ் வே 100 மைல் ஓட்டம்: ஆறுகளை எண்ணிக்கொண்டு ஓடுங்கள்

கேள்வி: லண்டனில் இரண்டு முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன். நாலேகால் மணி நேரம் ஆகிறது. அடுத்து வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை போகும் சவுத் டவுன்ஸ் வே 100 மைல் ஓட்டத்தில் சேர ஆசை. வரைபடத்தில் பார்த்தால் மிக உயரமான இடமே 270 மீட்டர்தான். பிறகு ஏன் இதைக் கஷ்டமான பாதை என்கிறார்கள்? பாதை எப்படி இருக்கும், எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பதில்:

நீங்கள் பார்த்த 270 மீட்டர் சரியான கணக்குதான். பட்ஸர் குன்றின் உச்சி அது. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து இந்தப் பாதையை எடைபோட முடியாது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை உள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட 3,800 மீட்டர் வரும். அதை ஒரே மலையாக ஏறச் சொன்னால்கூடப் பரவாயில்லை, மனசு அதற்குத் தயாராகிவிடும். இங்கே அதைச் சில்லறையாக மாற்றி 161 கிலோமீட்டருக்கும் இறைத்து வைத்திருக்கிறது.

நான் இதில் இரண்டு முறை ஓடியிருக்கிறேன். முதல் முறை 76 மைல் தாண்டி ஹவுஸ்டீன் பண்ணையில் நின்றுவிட்டேன். அடுத்த முறை 27 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முடித்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடம் சவுத்-ஈஸ் முகாமில் (ஓடுகிறவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கும் இடம்) ராத்திரி முழுக்கத் தன்னார்வலராக நின்றேன். உண்மையைச் சொன்னால், ஓடியதைவிட அந்த ஒரு ராத்திரியில்தான் இந்தப் பாதை எனக்குப் புரிந்தது. முதல் ஓட்டத்தில் மைல்களை எண்ணினேன். இரண்டாவதில் ஆறுகளை எண்ணினேன். உங்களுக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன்.

முதலில் நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சவுத் டவுன்ஸ் என்பது மேற்கிலிருந்து கிழக்காக நீளும் ஒரு சுண்ணாம்பு முகடு. நாம் பள்ளியில் சாக்பீஸ் என்று சொன்னோமே, அதே வெள்ளைக் கல்தான் இங்கே குன்றாக நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து உருவான கல் அது. பிற்பாடு நிலம் ஒரு கூடாரம் போல மேலே எழும்பியது. கூடாரத்தின் உச்சி அரித்துப் போய் இரண்டு ஓரங்கள் மட்டும் மிஞ்சின. வடக்கு ஓரம் நார்த் டவுன்ஸ், தெற்கு ஓரம் நம் சவுத் டவுன்ஸ். அதனால்தான் இந்த முகட்டின் வடக்குப் பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக விழுகிறது, தெற்குப் பக்கம் கடலை நோக்கி மெதுவாகச் சாய்கிறது. பாதை பெரும்பாலும் வடக்கு விளிம்பை ஒட்டியே போகும். இடது கைப் பக்கம் முழுக்க வயல்களும் வேலிகளும் ஊர்களும் கீழே விரிந்து கிடக்கும். வலது கைப் பக்கம் தூரத்தில் கடல் வெள்ளிக் கோடாகத் தெரியும்.

இப்போது ஆறுகளுக்கு வருகிறேன். அந்தக் கூடாரம் முழுசாக இருந்த காலத்திலேயே அதன் உச்சியிலிருந்து தெற்கே கடலுக்கு ஓடிய ஆறுகள், நிலம் அரிக்க அரிக்க முகட்டையும் அறுத்துக்கொண்டே போயின. கத்தியால் ரொட்டியை வெட்டிய மாதிரி, முகடு அங்கங்கே கடல் மட்டம் வரைக்கும் துண்டாகிக் கிடக்கிறது. நீங்கள் முகட்டின் நீளவாக்கில் ஓடுகிறீர்கள், ஆறுகளோ குறுக்கே வெட்டுகின்றன. ஒவ்வொரு ஆறு வரும்போதும் சேர்த்து வைத்த உயரம் முழுவதையும் கொடுத்துவிட்டு அடிமட்டத்துக்கு இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

வழியில் கடக்கும் ஆறுகள் ஐந்து: எக்ஸ்டனில் மீயான், ஆம்பர்லியில் அரன், பாட்டால்ஃப்ஸில் ஏடர், சவுத்-ஈஸில் ஊஸ், ஆல்ஃபிரிஸ்டனில் கக்மியர். மீயான் 12 மைல் வாக்கிலேயே வந்துவிடும். அடுத்த ஆறு வருவதற்கு 46 மைல் ஆகிவிடும். அதாவது ஐந்தில் நான்கு ஆறுகள் 45 மைலுக்கு அப்புறம்தான் வருகின்றன. கடைசி இரண்டும் 84 மைலிலும் 92 மைலுக்குக் கொஞ்சம் முன்னாலும். பாதையின் கஷ்டம் எல்லாம் பின்பாதியில் போய் ஒளிந்திருக்கிறது. முன்பாதி எளிதாக இருக்கிறதே என்று வேகமாகப் போகிறவர்கள் எல்லோரும் பின்பாதியில் அதற்கு வட்டி கட்டுகிறார்கள்.

நானும் கட்டினேன். முதல் முறை வின்செஸ்டருக்கு வெளியே விடிகாலையில் கிளம்பும்போது உடம்பு அவ்வளவு இலகுவாக இருந்தது. ஹாம்ப்ஷயர் பகுதி மென்மையான நிலம். வயல் ஓரம், வேலிச் சந்து, நடுநடுவே சிறு தார்ச்சாலை. பீக்கன் ஹில் முகாம் 10 மைலில். அங்கிருந்து எக்ஸ்டன் கிராமத்துக்கு இறங்கி, மீயானைச் சின்னப் பாலத்தில் தாண்டி, ஓல்டு வின்செஸ்டர் ஹில்லுக்கு நீளமாக ஏறுவோம். இரும்புக் காலத்துக் கோட்டை ஒன்றின் மண்மேடு அங்கே இன்னும் வட்டமாக இருக்கிறது. அப்புறம் பட்ஸர் குன்று. அதன் மறுபக்கச் சரிவு ஒரு பெரிய புல்வெளி. அகலமாக, ஒரு தடையும் இல்லாமல், கீழே குவீன் எலிசபெத் காட்டுப் பூங்கா வரை இறங்கும். எல்லோரும் அதில் கையை விரித்துக்கொண்டு பறப்பார்கள். நானும் பறந்தேன். 22 மைல் தாண்டி அந்தப் பூங்கா முகாமுக்குள் நுழைந்தபோது திட்டத்தைவிட 40 நிமிடம் முன்னால் இருந்தேன். அந்த 40 நிமிடத்தைச் சம்பாதித்தது என் தொடைத் தசை. அது அங்கேயே பாதி செலவாகிவிட்டது என்று அப்போது தெரியவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மாரத்தான் ஓடியவர்கள் பெரும்பாலும் ஏற்றத்துக்கு மட்டுமே பயப்படுகிறார்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது நடப்பது வேறு. உடம்பு கீழே விழாமல் பிடித்து நிறுத்த, தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. அந்த வேலையில்தான் தசை நார்கள் நுண்ணிய அளவில் கிழிகின்றன. மூச்சே வாங்காது, எளிதாகத்தான் தோன்றும், அதனால் எச்சரிக்கையும் வராது. பத்து மணி நேரம் கழித்து ஒரு படி இறங்கவே கைப்பிடி தேடுவோம். நல்ல செய்தி என்னவென்றால், இதற்குப் பயிற்சியால் பலன் உண்டு. ஒருமுறை நன்றாக இறக்கத்தில் ஓடி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு தாங்கும். ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில் இறக்கப் பயிற்சி இல்லாமல் போகாதீர்கள்.

பூங்காவுக்கு அப்புறம் ஹார்ட்டிங் டவுன், காக்கிங், பிக்னர் ஹில் என்று மேற்கு சசெக்ஸ் வழியாகப் போகும். இங்கே பீச் மரக் காடுகள் அதிகம். மதிய வெயிலில் அந்த நிழலை விடாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள், கிழக்கே போகப் போக மரமே இருக்காது. காக்கிங் 35 மைல், பிக்னர் 42. பிக்னர் பக்கத்தில் ஸ்டேன் ஸ்ட்ரீட் என்ற பழைய ரோமானியச் சாலை பாதையைக் கடக்கிறது. லண்டனுக்கும் சிசெஸ்டருக்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன் போட்ட சாலை. நின்று பார்க்க நேரம் இருக்காது, ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கால் கொஞ்சம் தயங்கும்.

அங்கிருந்து அரன் ஆற்றுக்கு இறக்கம். பள்ளத்தாக்கு அகலமானது, ஆற்றைத் தாண்டும் சமதளமே நீளமாக இருக்கும். மறுபக்கம் ஆம்பர்லி மவுண்ட் ஏற்றம் நேராக நிற்கும். 46 மைல் ஓடிய கால், பிற்பகல் வெயில், நிழல் கிடையாது. என் கணக்கில் இந்த ஓட்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதுவரை வந்தது இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கான பயணம் மட்டுமே. ஆம்பர்லி பாலத்தில் நிற்கும்போது 'இன்னும் நன்றாக ஓடலாம் போலிருக்கிறதே' என்று தோன்றினால் நீங்கள் சரியாக வந்திருக்கிறீர்கள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று தோன்றினால் வேகம் அதிகமாகிவிட்டது.

50 மைல் கிதர்ஸ்ட் ஹில் தாண்டி, 54 மைலில் வாஷிங்டன் கிராமம். நீங்கள் முன்கூட்டிக் கொடுத்த பை அங்கே காத்திருக்கும், சூடான சாப்பாடும் கிடைக்கும். நாற்காலிகளும் இருக்கும், ஆபத்தே அந்த நாற்காலிகள்தான். இரண்டாவது முறை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள் மேலாக வைத்திருந்தேன்: சாக்ஸ் மாற்று, பாதத்துக்கு வாசலின், டார்ச் எடு, சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நட. 54 மைலுக்கு அப்புறம் மூளை சொந்தமாக யோசிக்காது. எழுதி வைத்தால் படித்துச் செய்யும்.

வாஷிங்டனிலிருந்து சாங்க்டன்பரி ரிங் வரை மறுபடி ஏற்றம். மேலே ஒரு பழைய மண்கோட்டைக்குள் வட்டமாக மரங்கள் நிற்கும். 1760-இல் சார்லஸ் கோரிங் என்பவர் நட்ட பீச் மரங்கள் அவை. 1987 அக்டோபர் புயலில் பெரும்பாலானவை விழுந்து, பிறகு புதிதாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். மாலை வெளிச்சத்தில் அந்த வட்டத்தை நெருங்குவதும், தலைக்கு மேல் வானம்பாடிகள் விடாமல் பாடுவதும், காலடியில் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து கம்பளமான புல்லும், இந்த ஓட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம். அதை அவசரப்படாமல் அனுபவியுங்கள், ஏனென்றால் அடுத்து ஏடர் ஆற்றுக்கு நீளமான இறக்கம் வருகிறது.

பாட்டால்ஃப்ஸ் 61 மைல். ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். கடல் பக்கம்தான் என்பதால் ஆற்றில் ஓதம் ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரமானால் இரு கரையிலும் சேறு மினுங்கும். என் தொடை இரண்டும் முதல் முறை இங்கேதான் பூட்டிக்கொண்டன. பாலத்துக்கு அந்தப்பக்கம் பீடிங் ஹில் ஏறி ட்ரூலி ஹில்லை அடைவதற்குள் பொழுது சாய்ந்தது.

அதன்பிறகு வருவது பாதையின் மிகக் குரூரமான பகுதி. ஆறே இல்லாமல் ஏறி இறங்க வைப்பது இது. டெவில்ஸ் டைக் என்ற பெரிய பள்ளம், இன்று அதில் ஆறு இல்லை. பனியுகத்தில் நிலத்தடி ஈரம் உறைந்து சுண்ணாம்புக்குள் தண்ணீர் இறங்க முடியாமல் போனபோது, உருகிய பனிநீர் மேலாகவே ஓடி அரித்த பள்ளம் அது. அதை ஒட்டி இறங்கினால் 66 மைல் தாண்டி சாடில்ஸ்கோம்ப் பண்ணை. உடனே ஏற்றம். இறங்கினால் பைக்கோம், நெடுஞ்சாலை. மறுபடி ஏற்றம். 70 மைலில் கிளேட்டன் காற்றாலைகள், ஒன்றின் பெயர் ஜாக், மற்றொன்று ஜில். ஆட்கள் அதிகமாகக் கழன்றுகொள்வது இந்தப் பத்து மைலுக்குள்தான் என்பது என் அனுபவம். வரைபடத்தில் இவையெல்லாம் சின்ன அலைகளாகத்தான் தெரியும். தயவுசெய்து அந்த அலைகளை நம்பாதீர்கள்.

காற்றாலைகளுக்குத் தெற்கே, முகட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. ஓட்டப் பாதையில் அது வராது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் யாரிடம் இந்தப் பாதையைப் பற்றிப் பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. முதல் உலகப் போரில் காயம்பட்டு பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்துபோன இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இந்தச் சரிவில்தான் எரியூட்டினார்கள். அந்த இடத்தில் எழுப்பிய நினைவுமண்டபத்துக்குச் சத்ரி என்று பெயர், குடை என்று பொருள். 1921-இல் திறந்தார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. பயிற்சிக்கு வரும் நாளில் ஒருமுறை கீழே இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். சுற்றிலும் வெறும் புல்வெளி, ஆடுகள், காற்று. வேறொன்றும் இல்லை.

பிறகு டிச்லிங் பீக்கன், 248 மீட்டர். அதன்பின் பாதை தெற்கே திரும்பி ஹவுஸ்டீன் பண்ணைக்கு இறங்குகிறது. முதல் முறை அந்த இறக்கத்தை நான் பின்பக்கமாகத் திரும்பி நடந்துதான் இறங்கினேன், முன்பக்கமாக இறங்கத் தொடை தாங்கவில்லை. முகாமில் ஒரு அம்மா கம்பளியைப் போர்த்திவிட்டு, "உட்காரு கண்ணா, டீ குடி" என்கிற தொனியில் ஏதோ சொன்னார். உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை.

ஹவுஸ்டீனிலிருந்து மேலே ஏறிவிட்டால் சில மைல் முகட்டிலேயே போகலாம். கிரீனிச் தீர்க்கரேகையைத் தாண்டுவது இங்கேதான், மேற்கு அரைக்கோளத்திலிருந்து கிழக்கு அரைக்கோளத்துக்குக் காலால் நடந்து போகிறீர்கள். அப்புறம் ஊஸ் ஆறு, சவுத்-ஈஸ், 84 மைல்.

நான் தன்னார்வலராக நின்றது அங்கே. ஜூன் மாதத்து இரவு இங்கே குட்டையானது. ஒன்பதேகால் வாக்கில் சூரியன் மறையும், நாலு மணிக்கே கிழக்கு வெளுக்க ஆரம்பிக்கும். ஆனால் அந்த இடைப்பட்ட நேரம் ஆட்களை என்ன பாடுபடுத்துகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆற்றுச் சமவெளியில் குளிர்காற்று வந்து தேங்கிக்கொள்ளும். மேலே முகட்டில் வியர்த்து வந்தவர்கள் இங்கே வந்து நின்ற இரண்டு நிமிடத்தில் நடுங்குவார்கள். ராத்திரி இரண்டு மணி இருக்கும், ஒரு பெண் வந்தார். வார்த்தை எதுவும் வரவில்லை. இரண்டு கையாலும் சூப் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அதன் ஆவியை முகத்தில் வாங்கினார். உப்புத் தொட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்தார், வாயில் போட்டார், மெல்லாமல் அப்படியே நின்றார். நான் மெதுவாக, "நடந்தால் சூடாகிவிடும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பாலம் இருக்கும் பக்கம் நடந்தார். இருட்டில் அவருடைய தலைவிளக்கு இட்ஃபோர்டு ஹில்லில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவதைத் தேநீர்ப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே பார்த்தேன். அந்த வெளிச்சம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அது வேகமாகவும் போகவில்லை. என் வேகக் கணக்கை அன்றே மாற்றிக்கொண்டேன்.

கணக்கு என்றதும் சொல்லிவிடுகிறேன். மொத்தக் கால வரம்பு 30 மணி நேரம், அதாவது மைலுக்குச் சராசரி 18 நிமிடம். 24 மணி நேரத்துக்குள் முடித்தால் 'ஒரே நாளில்' என்று பொறித்த பெல்ட் பக்கிளைப் பரிசாகத் தருவார்கள், அதற்கு மைலுக்கு 14 நிமிடம் 24 விநாடி. உங்கள் மாரத்தான் நேரத்தை வைத்து இரண்டுமே சுலபம் என்று தோன்றும். நிற்கும் நேரம், கேட் திறக்கும் நேரம், ஏற்றத்தில் நடக்கும் நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதை மறக்காதீர்கள். முதல் முயற்சியில் 24 மணி நேரத்தை மனசிலிருந்தே எடுத்துவிடுங்கள். எல்லா ஏற்றத்தையும் முதல் மைலிலிருந்தே நடந்து ஏறுங்கள். சமதளத்தில் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக, சத்தம் வராமல் கால் வைத்து இறங்குங்கள். டப் டப்பென்று சத்தம் கேட்டால் தொடை அடி வாங்குகிறது என்று அர்த்தம்.

பாதையின் தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கு நடுவே சக்கிமுக்கிக் கல் பதிந்திருக்கும். சில இடங்களில் பாதையே அந்தக் கல்தான். உடைந்த ஓரம் கத்தி மாதிரி இருக்கும், மெல்லிய அடி உள்ள ஷூவில் 50 மைலுக்குள் பாதம் முழுக்க நசுங்கிய உணர்வு வரும். வறண்ட நாளில் தரை கான்கிரீட் போல இறுகியிருக்கும். மழை பெய்தால் வெள்ளைச் சுண்ணாம்பு சோப்பு போல வழுக்கும், கூடவே ஷூ அடியில் அப்பிக்கொண்டு கனக்கும். வெயில் நாளில் அந்த வெள்ளைத் தரை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், தாடையின் அடிப்பக்கம்கூடக் கறுத்துவிடும். தொப்பி போதாது, கண்ணாடியும் வேண்டும். ஷூவுக்கு ஆழமான பல் தேவையில்லை, தடிமனான மெத்தை தேவை. உங்கள் வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்குங்கள், பாதம் வீங்கும்.

தண்ணீர் விஷயமும் இந்தக் கல்லோடு சேர்ந்ததுதான். சுண்ணாம்பு, மழைநீர் எல்லாவற்றையும் உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். ஊற்றுகள் முகட்டின் அடியில்தான் கசியும், அதனால் ஊர்களும் அடியில்தான் வரிசையாக அமைந்தன. மேலே ஓடை கிடையாது, கடை கிடையாது. ஆடுகளுக்காக அந்தக் காலத்து மேய்ப்பர்கள் களிமண் பூசி வெட்டிய வட்டக் குட்டைகள் அங்கங்கே உண்டு, அதைக் குடிக்க முடியாது. சில இடங்களில் குழாய் வைத்திருக்கிறார்கள், வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முகாம்களுக்கு நடுவே சில இடங்களில் 8 மைல், பீக்கன் ஹில்லுக்கும் காட்டுப் பூங்காவுக்கும் நடுவே 12 மைலுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. வெயில் நாளில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சுமந்து போங்கள். ஆனால் தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள். பயத்தில் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும். வலிக்கு இப்யூபுரூஃபன் போடும் பழக்கம் இருந்தால் ஓட்டத்தின்போது வேண்டாம், சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல.

சாப்பாட்டில் நான் கண்டது ஒன்றுதான். இனிப்பு ஜெல் எல்லாம் 40 மைலோடு சலித்துவிடும். அதன்பின் உப்பும் புளிப்பும்தான் இறங்கும். இரண்டாவது முறை வீட்டிலிருந்து புளிச்சாதத்தைச் சின்ன உருண்டைகளாகப் பிடித்துப் பையில் வைத்திருந்தேன். வாஷிங்டனுக்கு அப்புறம் ஒவ்வொரு முகட்டின் உச்சியிலும் ஒரு உருண்டை. வயிறு ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை.

சரி, மிச்சப் பாதை. சவுத்-ஈஸுக்கு மேலே இட்ஃபோர்டு ஹில், ஃபர்ல் பீக்கன், 217 மீட்டர். பெரும்பாலானவர்களுக்கு விடியல் இந்தப் பகுதியில்தான். அங்கிருந்து ஆல்ஃபிரிஸ்டனுக்கு இறங்கிக் கக்மியரைத் தாண்டினால் ஐந்து ஆறும் முடிந்தது. ஆனால் குன்று முடியவில்லை. வின்டோவர் ஹில் ஏற வேண்டும். அதன் வடக்குச் சரிவில் 70 மீட்டர் உயர மனித உருவம் ஒன்று இருக்கிறது, வில்மிங்டனின் நெடிய மனிதன். நீங்கள் அவன் தலைக்கு மேலே ஓடுவீர்கள், கீழே இருப்பவர்களுக்குத்தான் அவன் தெரிவான். ஓட்டப் பாதை உள்நாட்டு வழியாகப் போவதால், படங்களில் பார்த்த செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளும் வராது. அதை எதிர்பார்த்து வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஜெவிங்டன் 96 மைல் வாக்கில். அடுத்தது கடைசி ஏற்றம். அதன் உச்சியில் நில அளவைத் தூண் ஒன்று நிற்கும், ஈஸ்ட்போர்ன் முழுதும் காலடியில் தெரியும். இங்கே மட்டும் கவனமாக இருங்கள். அந்தத் தூணிலிருந்து ஊருக்குள் இறங்கும் வழி, புதர் மூடிய குறுகலான சுண்ணாம்புச் சந்து. கல், வேர், முள், நடுவில் மழைநீர் அரித்த வாய்க்கால். புத்துணர்ச்சியோடு இருக்கும் காலுக்கே தடுமாறும். இருட்டில் வந்தால் கையில் இன்னொரு டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள், தலைவிளக்கு மட்டும் இருந்தால் பள்ளத்தின் ஆழம் சரியாகத் தெரியாது. அதைத் தாண்டிவிட்டால் தார்ச்சாலை, நடைபாதை, கடைசியில் ஈஸ்ட்போர்ன் விளையாட்டு மைதானத்தின் ஓடுதளத்தில் ஒரு சுற்று. சக்கிமுக்கிக் கல்லில் 99 மைலுக்கு மேல் மிதித்த பாதத்துக்கு அந்த ரப்பர் தளம் பஞ்சுமெத்தை. நான் அந்த 400 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன்.

உங்களுக்கு என் யோசனை: இந்த வருடமே நூறுக்குப் போகாதீர்கள். இதே பாதையின் பின்பாதியில் வொர்திங்கிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 50 மைல் ஓட்டம் ஒன்றும் வசந்த காலத்தில் நடக்கிறது. ஏடர், ஊஸ், கக்மியர் மூன்றையும், அந்தக் கடைசிக் குறுகல் இறக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் அது காட்டிவிடும். அதை நல்ல உடம்போடு முடித்தால் அடுத்த வருடம் நூறு.

அதற்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலில் சவுத்-ஈஸ் ஸ்டேஷனில் இறங்குங்கள். ஸ்டேஷனை ஒட்டியே பாதை போகிறது. இட்ஃபோர்டு ஹில் ஏறி, ஃபர்ல் பீக்கன் வழியாக ஆல்ஃபிரிஸ்டன் வரை ஏழரை மைல். அங்கிருந்து பெர்விக் ஸ்டேஷன் மூன்று மைல் தூரம்தான். இட்ஃபோர்டு ஹில்லை ஒரே ஒரு முறை ஏறிவிட்டு நின்றுவிடாதீர்கள். மேலே போய், மறுபடி ஸ்டேஷன் வரை இறங்கி, மூன்று முறை ஏறுங்கள். மூன்றாவது இறக்கத்தில் தொடை என்ன சொல்கிறது என்று கவனித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், அதை வைத்து மீதித் திட்டத்தைப் பேசுவோம்.